ஒன்று ராக்கு, இரண்டு ஹாகி, மூன்று கராட்சு: முதல் தேநீர்க் கிண்ணமாக எதை வாங்குவது?

ஜப்பானியத் தேநீர்ச் சடங்கு சொல்லித்தரும் சனிக்கிழமை வகுப்புக்குப் போக ஆரம்பித்து இது மூன்றாவது வருடம். வகுப்பில் கொடுக்கும் கிண்ணத்தில் குடிப்பது, வீட்டில் பெரும்பாலும் அச்சில் வார்த்த ஒரு மலிவுக் கிண்ணத்தில் அடித்துக்கொள்வது என்று காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். போன தீபாவளிக்கு ஊருக்குப் போக முடியவில்லை. டிக்கெட் காசு மிச்சம். அதில் 30,000 யென்னைத் தனியே எடுத்து வைத்து, மாட்சா என்னும் பச்சைத் தேநீர்ப் பொடியைக் கரைத்துக் குடிக்க உருப்படியாக ஒரு கிண்ணம் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். ஒசாகாவில் உட்கார்ந்துகொண்டு இது ஒரு பெரிய காரியமா என்று நினைத்தேன். நான்கு மாதம் ஆனது.

இந்தக் கிண்ணத்துக்கு ஜப்பானிய மொழியில் ‘ச்சவான்’ என்று பெயர். தமிழில் கொஞ்சம் நீட்டி எழுதிவிட்டால் அபசகுனமாகப் படிக்கிறது. அதனால் கிண்ணம் என்றே சொல்லிவிடுகிறேன். ராக்குவும் அப்படித்தான், ராகு என்று எழுதினால் கேது எங்கே என்று கேட்பீர்கள்.

தேநீர்க்காரர்கள் வாயில் ஒரு பழைய வரிசை புழங்குகிறது: ‘இச்சி ராக்கு, நி ஹாகி, சான் கராட்சு’. முதலிடம் கியோட்டோவின் ராக்குவுக்கு, அடுத்தது யமகுச்சியின் ஹாகிக்கு, மூன்றாவது சாகா மாவட்டத்தின் கராட்சுவுக்கு. கிண்ணம் வாங்கப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் இதைத்தான் ஒப்பித்தார்கள். ஒரு கடைக்காரர் பாட்டாகவே பாடிக் காட்டினார்.

இந்த வரிசை பொய்யில்லை. ஆனால் அது கொய்ச்சா போடுகிறவர்களுக்காக ஏற்பட்ட வரிசை. மாட்சாவில் இரண்டு விதம். உசுச்சா என்பது நீர்க்கப் போடுவது: 2 கிராம் பொடி, 70 மில்லி அளவு வெந்நீர், ச்சாசென் என்னும் மூங்கில் மத்தால் நுரை கட்ட அடித்து, ஒருவர் மட்டும் மூன்று நான்கு மிடறில் குடித்துவிடுவது. கொய்ச்சா கூழ் மாதிரி. ஆளுக்கு 4 கிராம் வரை பொடி போட்டு, உசுச்சாவுக்கு விடுவதில் பாதி வெந்நீர்கூட விடாமல், அடிக்காமல் மெல்லக் கிண்டி, ஒரே கிண்ணத்தை இரண்டு மூன்று விருந்தினர் கை மாற்றிக் குடிப்பார்கள். கடைசி ஆளிடம் வந்து சேரும்போதும் சூடு இருக்க வேண்டும். ஆகவே சுவர் கனமாக இருக்க வேண்டும், சூட்டைப் பிடித்து வைக்க வேண்டும், வாய் வைக்கும் இடம் மென்மையாக இருக்க வேண்டும், கண்ணை இழுக்கிற படம் எதுவும் கூடாது. இத்தனைக்கும் ராக்குதான் பதில். சரி, நான் வீட்டில் காலை ஆறே முக்காலுக்கு, ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில், தனியாகக் குடிப்பது உசுச்சா. கணக்கு அங்கேயே மாறிவிடுகிறது.

கிண்ணத்தைப் பார்க்கும் முறையை வகுப்பில் சொல்லித்தந்தார்கள். மோதிரத்தையும் வாட்சையும் கழற்றிவிட வேண்டும். தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் தூக்கக் கூடாது, கை தவறினாலும் தப்பிக்கட்டும் என்று. முதலில் முகம். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் முன்பக்கம் என்று ஒன்று உண்டு. குடிக்கும்போது அதில் வாய் படாதபடி திருப்பிக்கொள்வது மரியாதை. அப்புறம் விளிம்பு, வயிறு, இடுப்பு. இடுப்பு என் சொல் இல்லை, அவர்களும் ‘கொஷி’ என்று இடுப்பைத்தான் சொல்கிறார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் நடு அடியில் சின்னக் குழி, கடைசிச் சொட்டு தேங்குமிடம். இதெல்லாம் ஆன பிறகு கவிழ்த்துப் பாதத்தைப் பார்ப்பது. என் சென்செய், அதாவது வகுப்பு ஆசிரியர், கடைக்கு வந்தால் இந்த வரிசையெல்லாம் கிடையாது, நேராகப் பாதத்துக்குப் போய்விடுவார். மண் எது, எப்படிச் சீவினார்கள், எவ்வளவு வெந்தது என்பதெல்லாம் பெரும்பாலும் மேற்பூச்சு மூடாத அந்த ஒரே இடத்தில்தான் தெரியும்.

மேற்பூச்சு என்று நான் சொல்வது கிளேஸ். சூளைச் சூட்டில் உருகிக் கண்ணாடியாகப் படிகிற பூச்சு. இனி வெறும் பூச்சு என்று எழுதினால் அதுதான்.

ராக்குவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நானும் அதில்தான் தொடங்கினேன். 1580களில் கியோட்டோவில் சென் நோ ரிக்யூ என்ற தேநீர் ஆசான் (1522–1591) தனக்குப் பிடித்த மாதிரி கிண்ணம் வேண்டுமென்று சோஜிரோ என்பவரைச் செய்யச் சொன்னார். சோஜிரோ கூரை ஓட்டு வேலையில் பெயர் வாங்கியவர். 1574இல் அவர் செய்த சிங்க உருவம் இன்னும் இருக்கிறது. அந்தக் காலத்தில் மதிப்பெல்லாம் சீன, கொரியக் கிண்ணங்களுக்கு. சோஜிரோ செய்ததைப் பார்த்து ஜனங்கள் ‘இமாயாகி’, அதாவது ‘இந்தக் காலத்துச் சட்டி’ என்று சொன்னார்களாம். அதற்குள் எத்தனை இளக்காரம், எத்தனை ஆச்சரியம் என்று இப்போது யார் சொல்ல முடியும்?

ராக்குவுக்குச் சக்கரம் கிடையாது. மண்ணை அடை மாதிரி தட்டி, ஓரத்தை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் மெல்ல எழுப்பி, கொஞ்சம் காய்ந்ததும் சிறு கத்தியால் உள்ளும் புறமும் சீவி எடுக்கிறார்கள். கறுப்பு ராக்குவின் பூச்சு கியோட்டோவின் காமோ ஆற்றுக் கல்லை அரைத்துச் செய்வது. அதைத் திரும்பத் திரும்பப் பல தடவை பூசிக் காயவைத்து, கரியும் துருத்தியும் வைத்த சின்னச் சூளையில் ஒவ்வொன்றாக வேகவிடுகிறார்கள். சுமார் 1,200 டிகிரியில் பூச்சு உருகிப் பளபளக்கும்போது இடுக்கியால் பிடித்து, தகதகவென்று சிவந்திருக்கும் கிண்ணத்தை வெளியே இழுத்துப் போடுகிறார்கள். சட்டென்று ஆறுவதால்தான் அந்தக் கறுப்பு. இடுக்கி கடித்த தழும்பு கிண்ணத்தின் இடுப்பில் நின்றுவிடும். அதைக் குறையாக அல்ல, அடையாளமாகப் பார்க்கிறார்கள். சிவப்பு ராக்கு இதைவிட வெகு குறைந்த சூட்டில் வேகிறது.

நவம்பரில் வகுப்பறையின் தரை அடுப்பைத் திறக்கும் நாளன்று சென்செய் ஒரு கறுப்பு ராக்குவைக் கொண்டுவந்தார். பார்வைக்குக் கருங்கல். எண்ணெய் விட்டு வருடக்கணக்காகப் பழகிய தோசைக்கல்லின் கறுப்பு, மினுக்கமும் இல்லை, மங்கலும் இல்லை. கையில் எடுத்தால் கல்லின் கனம் இல்லை. கனத்தை எதிர்பார்த்து இறுகின கை ஏமாந்து, கிண்ணம் ஒரு விரற்கடை மேலே எழும்பிவிட்டது. எவர்சில்வர் டம்ளரை விளிம்பில் நுனிவிரலால் பிடித்தே பழகிய கை எனக்கு; சூடான எதையும் வயிற்றில் பிடிக்கத் துணிவு வராது. ராக்குவை வயிற்றோடு இரண்டு கையாலும் அணைத்துத்தான் பிடிக்க முடியும். முழுதும் இறுகாத அந்த மண்ணுக்குள் நுண்ணிய காற்றறைகள் இருப்பதால் சூடு உடனே வெளியே வருவதில்லை. முதல் மிடறு போன பிறகுதான் உள்ளங்கைக்கு வெதுவெதுப்பு எட்டுகிறது. விளிம்பு மட்டமாக இல்லை, மலைத்தொடர் மாதிரி ஐந்து இடத்தில் மெல்ல ஏறி இறங்குகிறது. அந்தக் கறுப்புக்குள் பச்சை எப்படித் தெரியும் என்பதை எழுதிப் பார்த்தேன், சரியாக வரவில்லை; இரவில் வயலைப் பார்ப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் ராக்குவே வாங்க வேண்டியதுதானே? இல்லை. சோஜிரோ வழிவந்த ராக்கு குடும்பம் கியோட்டோவில் இன்று பதினாறாம் தலைமுறையில் இருக்கிறது. அந்தக் குடும்பத் தலைவர் கையால் செய்த கிண்ணத்தின் விலையில் கார் வாங்கலாம். அதே முறையில் செய்யும் பக்கச் சூளைகள் உண்டு. 1666இல் கனசாவாவில் தொடங்கி தேன் நிறப் பூச்சுக்குப் பெயர்போன ஓஹி அவற்றில் ஒன்று. என் பட்ஜெட்டுக்குள் கியோட்டோவின் சின்னச் சூளைகளில் ஒன்றிரண்டு கிடைத்தன. சிக்கல் விலையில் மட்டும் இல்லை. ராக்கு மென்மையாக வெந்த மண், எவர்சில்வர் சிங்க்கில் ஒரு தடவை இடித்தால் விளிம்பு போய்விடும். ஒவ்வொரு தடவையும் முன்கூட்டியே வெதுவெதுப்பான நீரில் ஊறப்போட வேண்டும், குடித்த பிறகு நாள்கணக்கில் காயவிட வேண்டும். சோஜிரோ பாணிக் கிண்ணங்களுக்குச் சுவர் நேராக எழுந்து வாய் கொஞ்சம் உள்ளே குவிந்திருக்கும். கொய்ச்சா கிண்ட அது தோது. உசுச்சாவுக்கு மத்தை முன்னும் பின்னும் விசிறினால் என் மாதிரிக் கற்றுக்குட்டியின் மணிக்கட்டு விளிம்பில் இடிக்கிறது.

இணையத்தில் ‘ராக்கு’ என்று தேடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. செப்பும் வானவில்லும் கலந்து மினுங்கி, கரிய விரிசல் ஓடும் கிண்ணங்கள் வரும். 1960களில் அமெரிக்காவில் தலையெடுத்த வேறொரு முறை அது. சூளையிலிருந்து எடுத்த சூட்டோடு மரத்தூளில் போட்டுப் புகைய விடுவது. அலமாரிக்கு அழகு. அதில் தேநீர் குடிக்க வேண்டாம்.

ஹாகிக்குப் போகும் முன் ஒரு சின்ன விலகல். ஜப்பானில் தேசியப் பொக்கிஷம் என்று அரசு அறிவித்த தேநீர்க் கிண்ணங்கள் மொத்தம் 8. அவற்றில் 5 சீனத்தில் செய்தவை, 1 கொரியாவில் செய்தது. ஜப்பான் மண்ணில் பிறந்தவை இரண்டே இரண்டு. சீனக் கிண்ணங்களில் இரண்டு ஒசாகாவிலேயே இருக்கின்றன: நக்கனோஷிமாவில் உள்ள கீழைநாட்டு மட்பாண்ட அருங்காட்சியகத்தில் எண்ணெய்த் துளி தெளித்த மாதிரிப் புள்ளிகள் கொண்டது ஒன்று, ஃபுஜிதா அருங்காட்சியகத்தில் நீல ஒளிவட்டங்கள் மிதக்கும் கறுப்புக் கிண்ணம் ஒன்று. இரண்டும் தெம்மொகு வகை, புனல் மாதிரி குறுகி இறங்குவது, தாங்கி இல்லாமல் புழங்குவதில்லை. பார்த்துவிட்டு வரலாம். அந்த ஒரே கொரியக் கிண்ணத்தின் பெயர் ‘கிசாயெமோன் இடோ’, கியோட்டோவின் தைதோகுஜி கோயில் வளாகத்தில் கோஹோஅன் என்ற இடத்தில் இருக்கிறது. மங்கிய மஞ்சள், மெல்லிய விரிசல், பாதத்தைச் சுற்றி பூச்சு திரண்டு கொப்புளம் கொப்புளமாக நிற்கும் சாதாரணச் சட்டி. ஹாகியின் அழகு எங்கிருந்து வந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

வந்த வழி அவ்வளவு அழகானதில்லை. அன்றைக்கு ஜப்பானை ஆண்ட தோயோதோமி ஹிதேயோஷி 1592 முதல் 1598 வரை கொரியாவின் மேல் படையெடுத்தார். திரும்பி வந்த பிரபுக்கள் குயவர்களைக் குடும்பத்தோடு கொண்டுவந்தார்கள். அந்தப் போருக்கே ‘சட்டிப் போர்’ என்று ஜப்பானில் ஒரு பட்டப்பெயர் உண்டு. அப்படி வந்த யி குடும்பத்துச் சகோதரர்கள் இருவர், மோரி பிரபு 1604இல் ஹாகி நகரத்துக்குக் கோட்டையை மாற்றிக்கொண்டபோது அங்கே சூளை வைத்தார்கள். இளையவரின் வழி சாகா கொராய்சாயெமோன் என்ற பட்டத்தோடு இன்றுவரை வருகிறது.

ஹாகியின் அடிப்படை தைதோ என்ற வெளுத்த, மணல் கலந்த மண். அதோடு மிதாகே மண்ணையும், மிஷிமா தீவிலிருந்து வரும் இரும்புச் சத்துள்ள சிவந்த மண்ணையும் வேண்டியபடி கலக்கிறார்கள். இறுக வேகவிடுவதில்லை. அதனால் மண் தளர்வாகவே நிற்கும். பூச்சும் மண்ணும் ஒரே அளவில் சுருங்காததால் பூச்சு முழுக்க மயிரிழை விரிசல் ஓடும். ஒவ்வொரு தடவை குடிக்கும்போதும் தேநீர் அந்த விரிசல் வழியே மண்ணுக்குள் இறங்கும். பாலாடை நிறத்தில் வாங்கிய கிண்ணம் வருடங்களில் பழுத்து, பழுப்பேறி, சில இடத்தில் திட்டுத்திட்டாக நிறம் மாறிப்போகும். ‘ஹாகியின் ஏழு மாற்றம்’ என்று அதற்குப் பெயர். பாதத்தில் ஓரிடத்தில் வெட்டு விட்டிருப்பார்கள். நல்ல சரக்கெல்லாம் பிரபுவுக்கே என்றிருந்த காலத்தில், வேண்டுமென்றே குறை வைத்து ஊராருக்கு விற்றார்கள் என்று ஒரு கதை. கொரியாவிலேயே அந்த வழக்கம் இருந்ததால் கதையை நான் பெரிதாக நம்பவில்லை.

ஹாகி எனக்குப் புதிதில்லை. இரண்டு வருடம் முன்பு ஒரு பெரிய கடையின் மட்பாண்டத் தள்ளுபடி விற்பனையில் 6,000 யென் கொடுத்து ஒன்றை வாங்கினேன். முதல் நாள் தேநீர் அடித்து மேஜையில் வைத்துவிட்டு போன் பேசப் போனேன். அம்மாவிடம் பேசினால் நேரம் போவது தெரியாது. திரும்பி வந்தால் கிண்ணத்தின் அடியில் பச்சை வளையம், அதன்மேல் ஆபீஸ் லேப்டாப்பின் சார்ஜர். ஓட்டைக் கிண்ணத்தைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று ரசீதோடு போய் நின்றேன். அங்கிருந்த பெண் கிண்ணத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, ‘ஹாகி அப்படித்தான்’ என்றார். விற்கும்போது சொல்லியிருக்கலாம். புது ஹாகி கசியும், குடிக்கக் குடிக்கத் தேநீரே அடைத்துக்கொள்ளும் என்று பிறகு சென்செய் சொன்னார். அவசரமானால் அரிசி களைந்த நீரில் போட்டு மெல்லக் கொதிக்கவிட்டால் மாவு உள்ளே இறங்கி அடைக்குமாம். நம் வீட்டில் புது மண்சட்டியைக் கழுநீர் விட்டுப் பழக்குவது ஞாபகம் வந்தது. ஒரு வாரம் பழக்கினேன், கசிவு நின்றது.

கதை அதோடு முடியவில்லை. ஜூனில் மழைக்காலம் தொடங்கியதும் கிண்ணத்தைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு இரண்டு வாரம் ஊருக்குப் போய்வந்தேன். திறந்தால் பூஞ்சை நாற்றம். குடித்த தண்ணீரையெல்லாம் மண் உள்ளே வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டு தடவை கொதிக்கவைத்து, நாலு நாள் ஜன்னலோரம் காயவைத்த பிறகுதான் வழிக்கு வந்தது. ஹாகி வாங்குகிறவர்கள் நாயோ பூனையோ வளர்க்கிற பொறுமை உள்ளவர்களாக இருக்க வேண்டும். இருந்தால், குடிக்கும் சுகத்தில் இதற்கு ஈடு குறைவு. வாய் அகன்று, அடி வழவழப்பாக இருப்பதால் மத்துக்கு நோகாது. உதட்டில் படும்போது மண்ணா பூச்சா என்று தெரியாத ஒரு மிருது. பழைய கிண்ணம் இப்போது கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சள் கட்டிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் இரண்டாவதாக இன்னொரு ஹாகி வேண்டாம் என்று தோன்றியது.

படம் வரைந்த கியோட்டோக் கிண்ணங்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பதினேழாம் நூற்றாண்டில் நோனோமுரா நின்செய் தொடங்கிவைத்த வண்ண வேலை, கண்ணுக்கு விருந்து. பரிசு கொடுக்க நல்லது. ஆனால் சகுரா வரைந்த கிண்ணத்தை அக்டோபரில் எடுத்தால் வகுப்பில் எல்லோரும் நாசூக்காக வேறு பக்கம் பார்ப்பார்கள். பருவத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ள அலமாரி வேண்டும். ஒரே கிண்ணம் வைத்துக்கொள்ளப் போகிறவருக்கு அது ஆகாது.

ஷினோவிடம்தான் கொஞ்சம் தடுமாறினேன். கிஃபு மாவட்டத்தின் மினோ பகுதிச் சரக்கு. ஃபெல்ட்ஸ்பார் கல்லை அரைத்துத் தடிமனாகப் பூசி, நிதானமாக நீண்ட நேரம் வேகவிடுவதால், பூச்சு வெள்ளைவெளேரென்று திரண்டு, மேலெல்லாம் ஊசித் துளையோடு ஆறிய சாதக் கஞ்சி மாதிரி நிற்கும். பூச்சு மெலிந்த இடங்களில் நெருப்பின் செம்மை எட்டிப் பார்க்கும். ஜப்பானில் பிறந்த அந்த இரண்டு பொக்கிஷக் கிண்ணங்களில் ஒன்று ஷினோ, தோக்கியோவின் மிட்சுயி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னொன்று ஹொன்னாமி கோயெட்சு கையால் செய்த ராக்கு. ஷினோ எல்லாம் செத்தோ ஊரில் செய்தவை என்றுதான் 1930 வரை நினைத்திருந்தார்கள். அந்த வருடம் அரகாவா தோயோசோ என்ற குயவர் நகோயாவில் மூங்கில் குருத்து வரைந்த ஒரு பழைய ஷினோ கிண்ணத்தைப் பார்த்தார். பாதத்தில் ஒட்டியிருந்த சிவந்த மண் செத்தோ மண் இல்லையே என்று சந்தேகம். நேராக மினோ மலைப்பக்கம் போய், பாழடைந்த சூளை ஒன்றைக் கிளறினார். அதே மூங்கில் குருத்து வரைந்த ஓட்டுத் துண்டு கிடைத்தது. முந்நூறு வருட நம்பிக்கை ஒரு பாதத்து மண்ணால் கவிழ்ந்தது. சென்செய் பாதத்தைப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது!

ஆனால் நான் கையில் எடுத்த ஷினோக்கள் எல்லாம் கனம். என் கையிலிருந்த காசுக்குக் கிடைத்தவற்றில் பூச்சு உள்பக்கமும் மேடுபள்ளமாக இருந்தது. ச்சாசென் என்பது ஒரே மூங்கில் துண்டை எண்பது, நூறு கிளையாகக் கீறிச் செய்வது. முரட்டு அடியில் தினமும் உரசினால் நுனிகள் பொட்டுப்பொட்டென்று உடையும். கிண்ணம் நன்றாக இருக்கும், மாதம் ஒரு மத்து போகும்.

கடைசியில் கராட்சு. மூன்றாம் இடத்துக்காரன் என்பதால் கடைசியாகப் போனேன், உண்மையைச் சொன்னால் அவ்வளவு ஆர்வமில்லாமல். ஹகாத்தாவில் இறங்கி, கடலோரமாகப் போகும் ரயிலில் ஒன்றரை மணி நேரம். கிஷிதாகே மலையடிவாரத்தில் 1580களிலேயே சூளை இருந்த இடம். போருக்குப் பின் கொரியக் குயவர்கள் இன்னும் நிறைய வந்து சேர, காலால் உதைத்துச் சுற்றும் சக்கரம், மலைச்சரிவில் படிப்படியாக ஏறும் சூளை என்று கொரிய முறையிலேயே தொழில் பெருகியது. ஒரு காலத்தில் மேற்கு ஜப்பானில் சட்டிபானை எதுவானாலும் ‘கராட்சு சாமான்’ என்றே பெயர். பக்கத்து அரித்தாவில் பீங்கானுக்கான கல் கிடைத்து பீங்கான் எடுபட்டதும் மவுசு குறைந்தது. கிண்ணத்தோடு சோற்றுத் தட்டும் சாராயக் குப்பியும் செய்தே பிழைத்த ஊர். வரிசையில் மூன்றாவது என்றாலும், அன்றாடப் புழக்கத்துக்கென்றே வளர்ந்த மண்.

வகைகள் பல. இரும்புச் சாயத்தால் ஒரு புல், ஒரு நாணல் என்று இரண்டு இழுப்பில் வரைந்தது ‘எ-கராட்சு’. வைக்கோல் சாம்பல் பூச்சில் வெள்ளையாக வந்து, அதில் நீலம் புள்ளிபுள்ளியாகப் பூப்பது ‘மதரா’. கறுப்பும் வெள்ளையும் ஒன்றன்மேல் ஒன்று வழிந்து கலப்பது ‘சோசென்’. மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஊரின் ஓரத்தில் ஒரு சின்னச் சூளையில், தரைப்பலகையில் ஏழெட்டு மதரா கிண்ணங்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். ‘எல்லாவற்றையும் எடுத்துப் பாருங்கள்’ என்றார் குயவர், முப்பது வயதுக்காரர். ஐந்தாவது கிண்ணம் கையில் நின்றது.

கிட்டத்தில் வைத்துச் சொல்கிறேன். வாய் 12 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், உயரம் 7 இருக்கும். வட்டம் சுத்த வட்டமில்லை, ஈரத்தில் சக்கரத்திலிருந்து தூக்கியபோது ஒரு பக்கம் லேசாக அமுங்கியிருக்கிறது. அந்த அமுங்கலில் என் இடது கட்டைவிரல் போய் உட்கார்ந்துகொண்டது. பூச்சு நீராகாரத்தின் வெண்மை. விளிம்பிலிருந்து இறங்கி, இடுப்புக்குக் கீழே ஒரு மேகக் கரை மாதிரி வளைந்து நின்றுவிட, அதற்கடியில் வெறும் மண். உள்பக்கம் விளிம்பையொட்டி மட்டும் நீலம் கசிந்திருக்கிறது. வைக்கோல் சாம்பலும் நெருப்பும் செய்த வேலை, யாரும் வரைந்ததில்லை. கவிழ்த்தேன். பாதத்துக்குள், சீவின இடத்தில் மண் நைந்து சுருக்கம் சுருக்கமாக எழும்பியிருந்தது, பிசிறிய புட்டு மாவை விரலால் நிரடினது மாதிரி. ‘சிரிமென்’ என்ற சுருக்குப் பட்டின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். மணல் மிகுந்த மண்ணைச் சரியான ஈரத்தில் ஒரே இழுப்பில் சீவினால்தான் அது எழும்புமாம். முந்தினால் வழவழக்கும், பிந்தினால் பொடியும்.

கசியுமா என்றுதான் முதலில் கேட்டேன். சூடு கண்ட பூனை. அவர் சிரித்தார். கராட்சு ஹாகியைவிட நன்றாக வெந்தது, ஆரம்பத்தில் லேசாக வியர்த்தாலும் வியர்க்கும், ஊறவைத்து எடுத்தால் போதும் என்றார். நிறம் மாறுவது இதிலும் உண்டு, ஆனால் ஹாகி மாதிரி அடம்பிடித்து மாறாது, கண்ணுக்குத் தெரியாமல் மாறும். ‘செய்தவன் எட்டுப் பங்கு, பயன்படுத்துகிறவன் இரண்டு பங்கு’ என்று அந்த ஊரில் ஒரு பேச்சு. கிண்ணத்தை அவர்கள் முடித்துக் கொடுப்பதில்லை, மீதி இரண்டு பங்கு நம் தலையில். சரி, இரண்டு பங்கு என்றால் என்னால் முடியும். ஹாகி பத்தில் பாதிக்கு மேல் என்னிடம் கேட்டது.

கையெழுத்திட்ட பாவ்லோனியா மரப்பெட்டியோடு 22,000 யென். பெட்டி இல்லாமல் கேட்டிருந்தால் கொஞ்சம் குறைத்திருப்பார். ஆனால் பெட்டி வேண்டும். நிலநடுக்க ஊரில் அலமாரியில் வைத்துத் தூங்க எனக்கு மனம் வராது. ஒன்று மட்டும்: வாங்கிய கிண்ணத்தை நன்றாகக் காயாமல் அந்தப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. அந்தப் பாடத்துக்குத்தான் ஏற்கெனவே 6,000 யென் கட்டியிருக்கிறேனே.

ஆக, என் வரிசை தலைகீழ்: தினமும் உசுச்சா குடிக்கும் தனி ஆளுக்கு முதலில் கராட்சு, பொறுமை இருந்தால் ஹாகி. ராக்குவை வாங்க வேண்டாம், எங்கேயாவது கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கிக் குடியுங்கள். வாரத்தில் ஒரு நாள் நாலு பேரைக் கூட்டி வைத்து கொய்ச்சா போடுகிற வீடென்றால் பழைய வரிசையே சரி, காசு மட்டும் வேண்டும். குடிக்க ஆரம்பித்து ஆறு மாதம்கூட ஆகாதவர்கள் இதில் எதையும் வாங்க வேண்டாம். இரண்டாயிரம், மூவாயிரம் யென்னில் வரும் அச்சுக் கிண்ணம் அடி வழவழப்பாக இருந்தால் மத்து பிடிக்கக் கற்றுக்கொள்ள அது போதும். என்னுடையது அப்படிப்பட்டதுதான், இப்போது அதில் புளி ஊறுகிறது.

மீதி 8,000 யென்னில் நாராவின் தகயாமா ஊரில் செய்த எண்பது கிளை மத்து ஒன்றும், உஜி மாட்சா டப்பா ஒன்றும் வாங்கினேன். ரயில் செலவைக் கணக்கில் சேர்க்கவில்லை. கோடைக்கு வாயகன்ற தட்டைக் கிண்ணம் ஒன்று தனியாக வேண்டும் என்று சென்செய் இப்போதே ஆரம்பித்துவிட்டார். ஜூன் வரட்டும்.